பிரேக்கர் செட்டிங்கை ஏற்றும் முன்

 

சேலம், நாமக்கல் பக்கம் விசைத்தறிக் கூடங்களிலும் ஜவ்வரிசி ஆலைகளிலும் கோழித்தீவன ஆலைகளிலும் எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். ஷாக் அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கம்பியைத் தொடாமலேயே உடல் வெந்துபோகலாம் என்பது பலருக்குத் தெரியாது. பேனலுக்குள் ஸ்பேனர் விழுந்து ஷார்ட் ஆனால் சீறும் அந்த நெருப்புக்குப் பெயர் ஆர்க் ஃபிளாஷ்.

அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 433 வோல்ட், 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மருக்கு முழு லோடு 667 ஆம்பியர். இம்பிடன்ஸ் 4.5 சதவீதம் என்றால், 667ஐ 0.045ஆல் வகுக்க வேண்டும். நேரடி ஷார்ட்டில் சுமார் 14,800 ஆம்பியர் பாயும். ஆர்க்கில் பாய்வது அதைவிடக் குறைவு. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

800 ஆம்பியர் பிரேக்கரின் உடனடி ட்ரிப்பைப் பத்து மடங்கில் வைத்தால், 8,000 ஆம்பியர் வந்தால்தான் அது உடனே விழும். ஆர்க்கில் 7,500 மட்டும் பாய்ந்தால் தாமதிக்கும். 0.05 நொடி 0.5 நொடியானால், மேலே படும் வெப்பம் பத்து மடங்காகும். தோல் கொப்பளிக்கச் சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரியே போதும்.

"அடிக்கடி ட்ரிப் ஆகுது, செட்டிங்கை ஏத்துப்பா" என்று முதலாளி சொன்னாலும், காரணம் பார்க்காமல் ஏற்றாதீர்கள். சப்ளையை நிறுத்திப் பூட்டி, மின்சாரம் இல்லையென்று சோதித்த பிறகே கை வையுங்கள். மெயின் பிரேக்கரை அணைத்தாலும் அதற்கு வரும் முனைகளில் மின்சாரம் இருக்கும். பாலியஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டும், அது வேண்டாம்.

நின்றுபோன தறியை நாளை ஓட்டிக்கொள்ளலாம். வெந்துபோன கையை நம்பித்தான் ஒரு குடும்பம் இருக்கிறது.