ஆயிரம் பேர் எழுதும் ஒரே பிரதி

(கணினித் துறை ஊழியர்களின் படிப்பு வட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)

மாநாட்டுக்கு நகல் தீர்மானம் தயாராகிறது. கிளைகளிலிருந்து திருத்தங்கள் வந்து குவிகின்றன. ஒரு கிளை மூன்றாவது பாராவை நீக்கச் சொல்கிறது. மற்றொரு கிளை, 'மூன்றாவது பாராவில் கூறியபடி' என்று ஏழாவது பாராவில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்கிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயம். இரண்டையும் ஏற்றால் தீர்மானம் தலையுமின்றி வாலுமின்றி நிற்கும். திருத்தக் குழுவில் இரவெல்லாம் கண் விழித்த தோழர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும்.

லினக்ஸ் கெர்னல் எழுதுவோருக்கு இது தினசரிப் பிழைப்பு. 1991ல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்த நிரல்தான் இன்று உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் பெரிய கம்பெனிகளின் சர்வர்களிலும் ஓடுகிறது. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் 1,000 பேருக்கு மேல் கை வைக்கிறார்கள். 10,000க்கு மேற்பட்ட திருத்தங்கள் சேருகின்றன.

இது எவ்வாறு சாத்தியம்? ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர்கள் உண்டு. திருத்தம் அனுப்புகிறவர் காரணத்தை எழுதி, தன் பெயரில் ஒப்பமிட்டு, பகிரங்கமாக அனுப்ப வேண்டும். நாலு பேர் குறை சொல்வார்கள். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் ஏற்றதை டோர்வால்ட்ஸ் தம் பிரதியில் இணைக்கிறார். இணைப்புக்கு வாசல் திறந்திருப்பது இரண்டே வாரம். பிறகு புதியது எதற்கும் இடமில்லை. பிழைகளைச் சரிசெய்வது மட்டும்தான். நேரம் தவறியவர் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னாலேயே, அடுத்த பதிப்புக்கு வரப்போகிறவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒத்திகை பார்க்கத் தனிப் பிரதி ஒன்று 2008 முதல் நடந்து வருகிறது. இரண்டு பேர் ஒரே வரியைத் தொட்டால் யந்திரமே மோதலைக் காட்டிவிடும். நான் சொன்ன மூன்றாவது பாரா விவகாரம் அப்படியல்ல. வரிகள் மோதவில்லை, அர்த்தம் மோதுகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒத்திகை வேண்டும், மனிதனும் வேண்டும்.

'இது ஜனநாயக மத்தியத்துவமல்லவா!' என்று ஒரு தோழர் மகிழ்கிறார். பொறுங்கள். இங்கே தேர்தல் கிடையாது. கடைசிச் சொல் ஒருவருடையது. ஆனால் 1992 முதல் இந்த நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. பிடிக்காதவர் முழுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு தனியே நடத்தலாம். அதனால்தான் கடைசிச் சொல் சொல்பவரும் அளந்து பேச வேண்டியிருக்கிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 2002 வரை டோர்வால்ட்ஸ் திருத்தங்களைத் தம் கையாலேயே சேர்த்து வந்தார். பல திருத்தங்கள் காணாமற் போயின. மறுபடி மறுபடி அனுப்பினார்கள். சுமை தாளாமல் அவ்வாண்டு பிட்கீப்பர் என்ற கருவியை ஏற்றார். அது ஒரு தனியார் கம்பெனியின் சொத்து. இவர்களுக்குக் காசு வேண்டாம், நிபந்தனை மட்டும் உண்டு: அதைப் பயன்படுத்துகிறவர் அதற்குப் போட்டியாக வேறு கருவி செய்யக் கூடாது! ரிச்சர்ட் ஸ்டால்மன் போன்றோர் அப்போதே ஆட்சேபித்தார்கள். கேட்பாரில்லை, வேலை சுலபமாக நடந்ததல்லவா? 2005ல் ஆண்ட்ரு டிரிட்ஜெல் என்ற நிரலாளர், அந்தக் கருவிக்குள் இருந்த தகவலை வெளியே எடுக்கத் தாமே ஒரு கருவி செய்ய முனைந்தார். கம்பெனி இலவச அனுமதியை ரத்து செய்தது. கட்டடம் பாதியில் நிற்கும்போது சாரத்தைப் பிரித்துக்கொண்டு போன கதைதான்!

அதே ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் கிட் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். சில நாளில் அது தன் நிரலையே தன்னுள் பாதுகாக்கத் தொடங்கியது. ஜூனில் வந்த 2.6.12 பதிப்பு அதைக் கொண்டே தயாரானது. கிட்டில் பிரதி எடுத்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கிறது. பூட்டுவதற்கு ஒரு தலைவாசல் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிக்கும். ஆனால் இன்று அந்தத் திருத்தங்களில் பெரும்பகுதியை எழுதுவோர் இன்டெல், கூகுள், ரெட்ஹேட் போன்ற கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். 2024 அக்டோபரில் பொறுப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புடைய பத்துப் பன்னிரண்டு பேரின் பெயர்கள் நீக்கப்பட்டன. 'சட்ட நிர்ப்பந்தங்கள்' என்று ஒரு வரி. தக்க ஆவணம் காட்டினால் திரும்பலாமாம். அமெரிக்கப் பொருளாதாரத் தடை அங்கும் கை நீட்டியது. அவர்கள் எழுதிய வரிகளை யாரும் நீக்கவில்லை, தோழர்களே! அவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கருவி பொதுவாயிற்று, பிரதி பொதுவாயிற்று. பொறுப்பாளர் பட்டியல் மட்டும் வாஷிங்டன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது.

கேள்விகளைப் பிறகு எடுத்துக்கொள்வோம். இப்போது இரண்டு தோழர்கள் மடிக்கணினியோடு முன்னால் வாருங்கள். ஒரே கோப்பின் ஒரே வரியை இருவரும் மாற்றுங்கள். மோதலை எல்லோரும் சேர்ந்து தீர்ப்போம்.