சொல்லாட்ட உலகப் போட்டிக்குச் செல்லும் வழி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேச வேண்டிய இம்மேடையில் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்; அதுவும் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு ஆடும் விளையாட்டு. பொறுத்தருள வேண்டும். நம் குடியிருப்பில் விடுமுறை நாட்களில் பல வீடுகளில் பிள்ளைகள் ஸ்கிராபிள் பலகையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். “இதற்கு உலகப் போட்டி உண்டாமே, அதற்கு எவ்வாறு செல்வது?” என்று அவர்கள் கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடை கூறுவதே என் நோக்கம்.

1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் இவ்வாட்டத்தை வகுத்தார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்பதைச் செய்தித்தாள்களில் எண்ணிப் பார்த்தே சில்லுகளின் தொகையை அவர் முடிவு செய்தார். 225 கட்டங்கள், 100 சில்லுகள். 1948இல் ஜேம்ஸ் புருனோ இதற்கு ஸ்கிராபிள் என்று பெயரிட்டார்.

முதல் உலகப் போட்டி 1991இல் இலண்டன் மாநகரில் நடந்தது. அந்நாளில் தனி மனிதர் ஒருவர், “நான் வல்லவன், என்னைச் சேர்த்துக்கொள்க” என்று விண்ணப்பிக்க இயலாது. ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை இடங்கள் என்று வகுக்கப்பட்டது. வலிமை மிக்க நாட்டுக்குக் கூடுதலான இடம். புதிதாக வந்த நாட்டுக்கு ஓரிரண்டு. அவ்விடங்களுக்கு எவரை அனுப்புவது என்பதை அந்தந்த நாட்டுச் சங்கமே தீர்மானித்தது. சில நாடுகள் தேசியப் போட்டியின் முடிவைக் கொண்டன. சில நாடுகள் ஆட்டக்காரர் பல மாதங்களாகச் சேர்த்த தரப்புள்ளியைக் கொண்டன.

இத்தரப்புள்ளி என்பது யாது? ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆர்பட் ஏலோ என்னும் இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காக வகுத்த முறையை ஒட்டியது அது. நம்மினும் மெலியாரை வென்றால் புள்ளி சிறிதே ஏறும். அவரிடம் தோற்றாலோ பெரிதும் இறங்கும். வலியாரை வென்றால் நன்றாக ஏறும். ஆகவே எளிய எதிரிகளையே தேடித் தேடி ஆடிப் புள்ளி சேர்த்துவிடலாம் என்று எண்ணுவோர்க்கு இம்முறை இடங்கொடுப்பதில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கிய யானை அதிக அபராதம் செலுத்த வேண்டும்.

தேசியப் போட்டியிலோ வேறொரு கணக்கு உண்டு. இதைப் பிள்ளைகள் பெரும்பாலும் அறிவதில்லை. வரிசை முதலில் வெற்றிகளின் எண்ணிக்கையால் அமைகிறது. இருவர் சமமாக வென்றிருந்தால், எல்லா ஆட்டங்களிலும் தாம் பெற்ற புள்ளிக்கும் எதிரி பெற்ற புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிப் பார்க்கின்றனர். 120 புள்ளியில் தோற்க இருந்த ஆட்டத்தை 40 புள்ளித் தோல்வியாகக் குறைத்தவன் அன்று எதையும் வெல்லவில்லை. ஆனால் போட்டியின் முடிவில் அந்த 80 புள்ளி அவனுக்கு விமானச் சீட்டாக மாறலாம். தோல்வி உறுதியான பின் மனம் சலித்துச் சில்லுகளை வீசி ஆடும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். ஏழு சில்லுகளையும் ஒரே சொல்லில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். தோற்கும் ஆட்டத்திலும் அதைத் தேடத்தான் வேண்டும்.

எந்த நாட்டின் சார்பில் ஆடுவது என்பது நம்மைப் போன்று ஊர் விட்டு வந்தவர்களுக்குச் சுவையான கேள்வி. 2007இல் உலகப் போட்டி மும்பையில் நடந்தது. இறுதியாட்டத்தில் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸை எதிர்த்து அமர்ந்தவர் கணேஷ் ஆசீர்வாதம். பெயரைக் கேட்டதும் நம்மவர் என்று மனம் துள்ளும். ஆனால் அவர் ஆடியது மலேசியாவின் சார்பில். வென்றவர் ரிச்சர்ட்ஸ், இந்திய மண்ணில் அந்தப் பெயர் இறுதி வரை வந்ததே பெரிது.

2014இல் வழி மாறியது. இலண்டனில் நடந்த போட்டியில் நாட்டு ஒதுக்கீடு நீக்கப்பட்டு, விரும்பியவர் யாவரும் பதிவு செய்து ஆடலாம் என்று கதவு திறக்கப்பட்டது. கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஒதுக்கீட்டு முறையில் அநீதியும் இருந்தது. வலிய நாட்டின் பதினைந்தாம் வீரர் வீட்டிலிருக்க, அவரினும் குறைந்தவர் வேறு நாட்டிலிருந்து வந்து அமர்வார். ஆயினும் திறந்த கதவுக்கு முன்னால் பயணச் செலவு என்னும் பூட்டுத் தொங்குகிறது. இலண்டனுக்கு அருகில் வாழ்பவர்க்கும் இலாகோஸிலோ கோயம்புத்தூரிலோ வாழ்பவர்க்கும் அக்கதவு ஒரே அகலமுடையது அன்று. நாட்டுக்கு ஓர் இடம் என்று இருந்தால், அதைக் காட்டி ஊராரிடமும் அரசிடமும் உதவி கேட்கலாம். 2015இல் உலக ஆங்கில ஸ்கிராபிள் ஆட்டக்காரர் சங்கம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நாட்டுக் குழுக்களை அழைத்து நடத்திய போட்டியில் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகேரே பட்டம் வென்றார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் உலக வெற்றியாளர் அவரே. அதற்கு முன்பே 2003இல் கோலாலம்பூரில் தாய்லாந்து இளைஞர் பனுபோல் சுஜ்ஜயாகோர்ன் வென்றிருந்தார். ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத நாடு அது. நான் ஒதுக்கீட்டின் பக்கம்தான். மறுப்பவர்கள் விழா முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு 2006 முதல் தனி உலகப் போட்டி உண்டு. எந்த அகராதி என்பதையும் மறவாதீர்கள். வட அமெரிக்காவில் பெரும்பாலும் வேறொரு சொற்பட்டியலை வைத்து ஆடுகின்றனர். நம் நாட்டில் காலின்ஸ் பட்டியலே செல்லும். அதில் நம் கட்டுமரம் உண்டு, இட்லி உண்டு. ‘டோசா’ ஒருமையாம், ‘டோசை’ அதன் பன்மையாம்! நம் வீட்டில் ஒன்றாக இருந்தது அங்கே பலவாகிவிட்டது.

அப்பட்டியல் ஒரு படி நம் சங்க நூலகத்துக்கு வாங்கித் தருமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தேர்வுக்குப் பின் வரும் விடுமுறையில் பிள்ளைகள் அதைத் தொடங்கட்டும்.