படகைத் தாங்கும் கட்டைக்கு எந்த உறை?

அமெரிக்காவின் பேரேரிகளைச் சூழ்ந்த மாநிலங்களிலும் புளோரிடாவின் கடற்கரை ஊர்களிலும் சிறு படகு வைத்திருப்போர் பலர், நாள் முழுதும் ஓட்டிய படகை மாலையில் டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் பூட்டி, வீட்டுக்கே கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றனர். அந்த டிரெய்லரின் உலோகச் சட்டத்தின் மீது படகு நேராக அமர்வதில்லை. சட்டத்தின் இருபுறமும் நீளவாக்கில் பொருத்தப்பட்ட மரக்கட்டைகளின் மீதே அமர்கிறது. 'பங்க்' என வழங்கும் இந்தத் தாங்குகட்டைகள் ஆண்டின் பெரும்பகுதி படகின் எடையைச் சுமப்பதால், கட்டைக்கும் படகுக்கும் நடுவே அமையும் உறை, படகின் ஆயுளையே தொடும் பொருளாகிறது. அதை விலையையும் வழவழப்பையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பொதுவழக்கமாக உள்ளது. ஆனால் அந்த உறை தண்ணீரை எவ்வளவு நேரம் தன்னிடம் வைத்துக்கொள்ளும் என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள உறை கம்பளம். படகுகளுக்கென விற்கப்படும் கம்பளம் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்னும் செயற்கை இழையால் ஆனது. அவ்விழை தண்ணீரை உறிஞ்சுவதுமில்லை, மட்குவதுமில்லை. எனினும் இழைகளுக்கு இடையிலும் அவற்றைப் பிணைக்கும் அடிப்புறத்திலும் தண்ணீர் தேங்குகிறது. மேலே படகு அழுத்திக்கொண்டிருப்பதால் அவ்விடத்தைக் காற்றும் வெயிலும் எளிதில் எட்டுவதில்லை. தேங்கிய ஈரம் அடியிலுள்ள மரத்தை இற்றுப்போகச் செய்ய, கடலின் உப்பும் ஏரியின் நுண்மணலும் இழைகளுக்குள் படிந்து, படகு ஏறி இறங்கும்போதெல்லாம் உப்புத்தாள் போல அதன் அடிப்புறத்தைத் தேய்க்கின்றன. வீட்டுத் தரைக் கம்பளத்தில் மிஞ்சிய துண்டை வெட்டிப் பொருத்துவது சிக்கனமாகத் தோன்றினும், அதன் அடிப்புறம் சணலாக இருந்தால் விரைவில் மட்கிவிடும் என்பதால் அது ஏற்கத்தக்க வழியன்று. இத்தனை குறைகள் இருந்தும் கம்பளம் நிலைத்திருப்பதற்குக் காரணங்கள் உண்டு: அது மென்மையானது, எடையைச் சற்றுப் பரப்பித் தாங்குகிறது, படகைச் சறுக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

படகு அலுமினியத்தால் ஆனதாக இருந்தால் நிலைமை வேறு. மரம் இற்றுப்போகாதிருக்கும் பொருட்டு, வேதிக் கரைசலை அழுத்தத்தால் அதனுள் செலுத்தும் முறை அமெரிக்காவில் பரவலானது. 2003ஆம் ஆண்டின் இறுதி வரை இதற்குக் குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் கலந்த கரைசலே பெரிதும் பயன்பட்டது. ஆர்செனிக்கின் நச்சுத்தன்மை பற்றிய கவலையால், வீடுசார்ந்த மரவேலைகளுக்கு அதனைக் கைவிட உற்பத்தியாளர்கள் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையுடன் உடன்பட்டனர். மாற்றாக வந்த கலவைகள் ஆர்செனிக் அற்றவை. ஆனால் அவற்றில் செம்பின் பங்கு கூடுதல். இரு வேறு உலோகங்கள் ஈரத்தின் வழியே தொடர்புறும்போது, எளிதில் வினைபுரியும் உலோகம் அரிக்கப்படுவதை மின்வேதி அரிப்பு என்பர். மரத்திலிருந்து கசியும் செம்பு, நனைந்த கம்பளத்தின் வழியே அலுமினியத்தின் மீது படியும்போது, அந்த உலோகத்தைக் காத்துவரும் மெல்லிய ஆக்சைடு படலம் ஆங்காங்கே பழுதுபட்டு, சிறுசிறு குழிகள் தோன்றுகின்றன. தேய்மானத்தை ஈடுசெய்யலாம் எனத் தடித்த கம்பளத்தை இங்கே தேர்ந்தெடுப்பவர், தம்மை அறியாமலே அதிக ஈரத்தைப் படகோடு சேர்த்துக் கட்டுகிறார். இந்த அரிப்பு கட்டையின் மறைவில் நிகழ்வதால் காலங்கடந்தே கண்ணில் படும். ஆகவே அலுமினியப் படகுக்கு வேதிக் கரைசல் ஏற்றாத மரமோ, மரத்துக்கும் படகுக்கும் இடையே ஈரம் ஊடுருவாத பிளாஸ்டிக் தடுப்போ கட்டாயம் வேண்டும்.

ஈரத்தால் வரும் கேடு படகின் உரிமையாளரோடு நிற்பதுமில்லை. 1988இல் பேரேரிப் பகுதியின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்ட வரிச்சிப்பி, பிற நீர்நிலைகளுக்குப் பரவிய வழிகளுள் டிரெய்லரில் பயணம் செய்த படகுகளும் ஒன்று. அதன் இளவுயிரிகள் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறியவை. நனைந்த கம்பளம் அவற்றுக்கும் நீர்க்களைகளின் துணுக்குகளுக்கும் புகலிடமாகிறது. வழவழப்பான பரப்பைத் துடைத்து உலர்த்துவது எளிது. கம்பளத்தையோ நன்கு காயவிட வேண்டும், இல்லையேல் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெந்நீரால் பொறுமையாக அலச வேண்டும். ஏரிக்கு ஏரி படகோடு செல்பவர்கள் இதைப் புறக்கணிப்பது நியாயமாகாது.

இக்காரணங்களால் பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக் பட்டைகள் செல்வாக்குப் பெற்றுவருகின்றன. அவை தண்ணீரை ஏற்பதில்லை, மணலைத் தக்கவைப்பதில்லை. கனமான படகையும் எளிதில் நகரவிடுகின்றன. அந்த எளிமையிலேயே ஆபத்தும் உள்ளது. அமெரிக்காவில் படகு இறக்கும் சாய்தளங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் சரிவு 12 முதல் 15 விழுக்காடு வரை, அதாவது 100 அடி கிடைத் தொலைவுக்கு 12 முதல் 15 அடி இறக்கம். ஒரு பொருள் சரிவில் தானாக நிற்க வேண்டுமெனில், உராய்வு விசைக்கும் பரப்பைச் செங்குத்தாக அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் உராய்வுக் கெழு அச்சரிவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மிகை மூலக்கூறு எடையுடைய பாலிஎத்திலீன் நனைந்திருக்கையில் அக்கெழு 0.1ஐ ஒட்டியே அமைவதால், 1,000 கிலோ படகு, முன்புறத்தில் அதைப் பிடித்திருக்கும் வின்ச் பட்டையைக் கழற்றியதுமே நழுவி, தண்ணீரை அடையும் முன் சிமென்ட் தளத்தில் மோதக்கூடும். படகு மிதக்கத் தொடங்கும்வரை அப்பட்டையைக் கழற்றாத ஒழுங்கு உடையவருக்கே இவ்வுறை ஏற்றது.

சிறிய அலுமினியப் படகுக்கும், பல ஏரிகளுக்குச் செல்லும் படகுக்கும் பிளாஸ்டிக் பட்டையே பொருத்தமான தேர்வு. ஜெல்கோட் எனப்படும் பளபளப்பான மேற்பூச்சு உடைய கண்ணாடியிழைப் படகு, செங்குத்தான தளத்தில் இறக்கப்படுவதாயின், படகுகளுக்கென்றே செய்த கம்பளம் இன்றும் சிறந்தது. ஆனால் கட்டையைச் சுற்றிலும் மூடாமல், தண்ணீர் வடிய அடிப்புறத்தைத் திறந்தே விட்டு, துருப்பிடிக்காத எஃகாலான ஸ்டேப்பிள்களைப் படகு தொடாத பக்கங்களில் மட்டும் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் திருகுகளின் தலை பரப்புக்குக் கீழே நன்கு பதிந்திருத்தல் வேண்டும். மூன்று மீட்டர் நீளப் பட்டை, 30 பாகை வெப்பம் ஏறினால் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாக நீளக்கூடும் என்பதால், ஒரு முனையில் மட்டும் இறுக்கமாகத் திருகி, மற்றத் துளைகளைப் பட்டையின் போக்கில் நீள்துளைகளாக அமைத்தால் வெயிலில் பட்டை வளைந்து எழும்பாது.