லாரி ஓட்டப் போகிறவர் பத்திரமாக வீடு திரும்ப…
(தேன்கனிக்கோட்டை பகுதி கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்றைக்குச் சேமிப்பு, கடன் பற்றிப் பேசப் போவதில்லை. ஆனால் நான் சொல்லப் போகும் விஷயம் கடனோடும் சம்பந்தப்பட்டதுதான். நம்ம குழுக்களில் நிறைய வீடுகளில் கணவரோ, மகனோ, தம்பியோ லாரி ஓட்டுகிறார்கள். ஓசூர் சிப்காட்டில் இருந்து லோடு, ராயக்கோட்டையில் இருந்து தக்காளி என்று பல நூறு கிலோமீட்டர் போகிறார்கள். அவர் ஒரு நாள் படுத்துவிட்டால் வீட்டுச் செலவும் நிற்கும், குழுத் தவணையும் நிற்கும். அதனால் இதை நாமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் தூக்கம். இரவு 2 மணியில் இருந்து விடிகாலை 5 மணி வரைக்கும் உடம்பு தானாகவே தூக்கத்தைக் கேட்கும். பாட்டு போட்டாலும், கண்ணாடியை இறக்கிவிட்டாலும் தூக்கம் போகாது. டீ குடித்தாலும் கொஞ்ச நேரம்தான். பங்க்கிலோ தாபாவிலோ ஓரம் கட்டி 20 நிமிஷம் கண்ணை மூடுவதுதான் வழி. இன்னொன்று, சளி, இருமல் மருந்து பலதும் தூக்கம் வரவைக்கும். மெடிக்கலில் வாங்கும்போதே 'வண்டி ஓட்டுகிறவர்' என்று சொல்லிக் கேட்க வேண்டும். 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று 1961-லேயே மோட்டார் தொழிலாளர்களுக்குச் சட்டம் போட்டார்கள். ஓய்வு கேட்பது சோம்பேறித்தனம் இல்லை அக்கா, உரிமை.

இரண்டாவது, இறக்கம். தர்மபுரி தாண்டி சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் பற்றி எல்லோருக்கும் தெரியும். டீசல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். அப்போது வண்டியின் பாரம் முழுக்க பிரேக்கில் விழும். பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது. இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே சின்ன கியருக்கு வர வேண்டும். டீசல் மிச்சம் என்று நினைத்து உயிரைக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, வண்டி நின்றுவிட்டால். ரோட்டோரம் நிற்கும் லாரியில் பின்னால் வருகிற வண்டி மோதுவது அடிக்கடி நடக்கிறது. நான்கு பக்க இண்டிகேட்டரைப் போட்டு, ஒளிரும் முக்கோணப் பலகையைத் தள்ளி வைக்க வேண்டும். கல், மரக்கிளை வைத்துவிட்டு அப்படியே போகக் கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. நம்ம பக்கம் அஞ்செட்டி ரோடு, பேரண்டப்பள்ளி பக்கம் ராத்திரியில் யானை கடக்கும். மெதுவாகப் போகணும், யானையைப் பார்த்தால் ஹாரன் அடிக்காமல் தூரத்திலேயே நிறுத்தணும்.

நான்காவது, உடம்பு. மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, கண்ட நேரத்தில் சாப்பிடுவது. இதனால்தான் சர்க்கரை, பிரஷர், மூலம், கல்லடைப்பு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஆனால் வீடு தேடி வரும்போது டிரைவர் வீட்டில் இருப்பதில்லை! அவர் வந்திருக்கும் நாளில் நீங்களே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். கிளம்பும்போது திரும்பி வரும் வரைக்கும் மாத்திரை கட்டிக் கொடுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். கணவன் மனைவி இருவரும் செய்துகொள்வதில் வெட்கம் இல்லை.

இனி நாம் செய்ய வேண்டியது.

'எங்க வர்றீங்க, எப்ப வருவீங்க' என்று ஓட்டும்போது போன் பண்ணாதீர்கள். சாப்பிட நிறுத்தும் நேரத்தில் அவரே கூப்பிடட்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'பண்டிகைக்கு விடியறதுக்குள்ள வந்துடணும்' என்று நெருக்காதீர்கள்.

லைசென்ஸ், ஆதார், வண்டி நம்பர், ஓனர் போன் நம்பர் இவற்றின் நகலை வீட்டில் வையுங்கள். கனரக வாகன லைசென்ஸை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். தேதியைக் காலண்டரில் குறியுங்கள்.

பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லை என்றால் காப்பீடு விட்டுப் போகும். அதே போல, ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்தாரா என்று கேளுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் 108. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணம் கட்டாமல் சிகிச்சை என்று மத்திய அரசு 2025-ல் திட்டம் கொண்டு வந்துள்ளது. எஃப்.ஐ.ஆர். நகலைக் கட்டாயம் வாங்குங்கள். வேலையில் இருக்கும்போது நடந்த விபத்துக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை உண்டு. ஓனர் கொஞ்சம் பணம் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். முதலில் குழுவிடம் வாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு பட்டியல் கொண்டு வர வேண்டும். எத்தனை வீட்டில் டிரைவர், எத்தனை பேருக்குக் காப்பீடு, எத்தனை பேர் வாரியத்தில். தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். விட்டுப்போனவர்களை நாம் ஒன்றாக வங்கிக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் அழைத்துப் போவோம்.

அவர் ஸ்டியரிங் பிடிக்கட்டும். பின்னால் குடும்பத்துக்குப் பாதுகாப்பை நாம் பிடிப்போம்.