மணலுக்குள் ஒரு நண்டு



திருவனந்தபுரம் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். அலை வந்து திரும்பும் ஈர மணலில் சிறு நண்டுகள் புதைந்து வாழ்கின்றன. எல்லாம் ஒரே இனமா? இல்லை.

ஒன்றைக் கையில் எடுங்கள். உடல் முட்டை போல உருண்டிருக்கிறதா? முன்காலில் கொடுக்கு இல்லையா? அது எமெரிட்டா. இறகு போன்ற மீசையை விரித்து, திரும்பும் அலைநீரில் இரையை வடிகட்டும். உடல் தட்டையாக, முன்காலில் கொடுக்கு இருந்தால் அது அல்பூனியா.

மிகச் சிறிதாக இருந்தால் உடனே வேறு இனம் என்று நினைக்காதீர்கள். எமெரிட்டாவில் ஆண், பெண்ணைவிட மிகவும் சிறியது. பெண் தன் வயிற்றடியில் முட்டைகளைச் சுமக்கும்.

எமெரிட்டாவிலும் பல இனங்கள் உண்டு. சென்னைக் கரையில் இருப்பது எமெரிட்டா எமெரிட்டஸ். கேரளக் கரையில் எமெரிட்டா ஹோல்தூசி. 1965-ல் சங்கொல்லி என்ற இந்திய அறிஞர் இதற்குப் பெயர் வைத்தார். முன்காலின் நுனியைப் பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்து அறிஞர்கள் இனம் பிரிக்கிறார்கள்.

சங்குமுகத்தில் கடல் மணலை அரித்தது. 2021-ல் கரைச் சாலையும் இடிந்தது. மணல் போனால் இந்த நண்டுக்கு வீடு இல்லை. எது இருந்தது என்று தெரிந்தால்தானே, எது போனது என்று சொல்ல முடியும்?

பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பிறகு மணலிலேயே விட்டுவிடுங்கள்.