கோயிற் பொருளும் குடிகளின் வாழ்வும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோயிலைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். கோயிலின் சிற்பச் சிறப்பையும் விழாச் சிறப்பையும் நீவிர் பலகாற் கேட்டிருப்பீர். ஆதலின், கோயிலிற் கூடும் கூட்டம் தன் ஊரின் பொருள் வாழ்வுக்கு எவ்வாறு துணை நின்றது, இனி எவ்வாறு நிற்கலாம் என்பதையே இன்று எடுத்துக்கொள்கின்றோம்.

1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களை நோக்குமின். இராசராசனும், அவன் தமக்கை குந்தவையாரும், பிறரும் அளித்த காசு கருவூலத்துள் உறங்கிக் கிடக்கவில்லை. ஊர்ச் சபையார்க்கும் வணிகர்க்கும் அது கடனாகச் சென்றது. வட்டியோ, ஆண்டொன்றுக்குக் காசொன்றுக்கு அரைக்காற் காசு. அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. சில ஊரார் அதனைக் காசொன்றுக்கு முக்குறுணி நெல்லாக அளந்தனர். பிள்ளையார்க்கு நாடோறும் 150 வாழைப்பழம் படைக்க வேண்டி, 360 காசு தஞ்சை வணிகரிடம் கொடுத்து வைக்கப்பட்டது. அதன் ஆண்டு வட்டி 45 காசே நித்தமும் பழமாயிற்று. விளக்கொன்றுக்கு 96 ஆடு பெற்ற இடையர், நாளும் உழக்கு நெய் அளந்தனர். முதல் குடிகளிடம் இருந்தது. பயன் இறைவனைச் சேர்ந்தது. எனினும், அக்கடன் எல்லார்க்கும் கிட்டிற்றென்று சொல்லத் துணியோம். நிலமும் வாணிகமும் உடையார்க்கே அது பெரிதும் பயன்பட்டது. அக்குறையை நாம் மறத்தலாகாது.

விருதுநகர் வணிகப் பெருமக்கள் தம் சரக்கின்மீது மகமை என ஒரு சிறு தொகையை எடுத்து வைத்து, உறவின்முறைப் பொதுப் பொருளாக்கினர். அது கோயிற்கும் ஆயிற்று, பள்ளிக்கும் ஆயிற்று. அவ்வூர்ச் சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் தாய்மார் எடுத்து வைத்த பிடியரிசியாலும் வளர்ந்தது. காமராசர் பயின்ற பள்ளி அதுவே.

கடல் கடந்தும் ஒன்று காண்போம். அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில், கறுப்பின மக்களின் சயோன் பாப்டிஸ்ட் சபைக்குப் போதகராயிருந்தவர் லியோன் சல்லிவன். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரவர் பசி தீர்த்த விவிலியக் கதையை எடுத்துரைத்து, 1962-இல் அவர் ஒரு திட்டம் வகுத்தார். ஒருவர் மாதம் 10 டாலராக 36 மாதம் கொடுத்தல் வேண்டும். முதல் 16 மாதத் தொகை கல்வி முதலிய அறங்களுக்கு; பின் 20 மாதத் தொகை தொழில் முதலீட்டுக்கு. ஐம்பதின்மரை எதிர்பார்த்தார், இருநூற்றுவர்க்கு மேற்பட்டோர் முன்வந்தனர். 1964-இல் பழைய சிறைக்கூடமொன்றிலே தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றையும் அவர் தொடங்கினார். 1968-இல் அச்சிறு தொகைகளின் பயனாகப் புரோகிரஸ் பிளாசா என்னும் கடைத்தொகுதி எழுந்தது.

அன்பர்களே! இனி நம் தெருவுக்கு வருவோம். எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், தொழிற்பயிற்சி முடித்து வெல்டிங் பட்டறை வைக்க விழைந்தான். தண்டற்காரரிடம் இருபதாயிரத்துக்குக் கையெழுத்திட்டான். கைக்கு வந்ததோ பதினேழாயிரம். நாளொன்றுக்கு 200 ரூபாயாக 100 நாளிற் கட்டல் வேண்டும். அடைமழையில் வேலை நின்றது, தவணை தவறிற்று, பொறியைத் தண்டற்காரர் கொண்டு போயினர். அவ்வாண்டு அம்மன் விழாவில் வாணவேடிக்கைக்கு நாம் செலவிட்டது அவன் கடனினும் மிகுதி. அக்கணக்கை இதே மேடையில் நின்று படித்தவரும் யாமே! படிக்கும்போது, அப்பிள்ளை பின்வரிசையில் அமர்ந்திருந்தனன்.

ஆகவே ஒரு விண்ணப்பம். விழா வரியில் மூன்றில் ஒரு கூற்றைத் தனி நிதியாக ஒதுக்குவோம். சட்டமறிந்தாரைக் கலந்து, பழைய பன்னிரண்டரை வட்டியிலேயே கடன் கொடுப்போம். இருபதாயிரத்துக்கு ஓராண்டு வட்டி 2,500 ரூபாய். அஃது அம்மன் விளக்குக்கு எண்ணெயாகட்டும். திரும்பிய முதல் அடுத்தவர்க்குச் செல்லட்டும். நிலமில்லார்க்கும் கைம்பெண்டிர்க்கும் முதலிடம் தருவோம். கணக்கு மாதந்தோறும் இவ்விதழில் வெளிவரட்டும்.

“தெய்வக் காசு திரும்பாவிடின் என் செய்வது?” என்று பெரியோர் வினவுவர், தக்க வினாவே. இரு பிணையாளர் கையொப்பமும், ஊரறிய வாங்கிய நாணமும் காவலாகும். அதையும் மீறிச் சிறிது இழப்பினும், அது வானிற் கரியாய்ப் போனதினும் மேலன்றோ?

விழா வேண்டாவென்று சொன்னோமல்லோம். தேர் ஓடுக; தேரை இழுக்கும் கைகளுக்குத் தொழிலும் உண்டாகுக! இதனை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டி அமைகின்றோம்.