பன்னிரண்டு வாரம் கூட உட்கார ஆள் வேண்டும்



பத்துமலை அடிவாரத்தில் நடக்கும் கூட்டத்தில் ஒரு கிறிஸ்துவ சபையின் தொண்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், ஏற்பாட்டாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐயா, பயப்பட வேண்டாம். யாரையும் எங்கும் சேர்த்துவிட நான் வரவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல விளைச்சல் எடுத்தால், வேலியோரம் நின்று "எப்படி ஐயா?" என்று கேட்பதில் நமக்கு என்ன குறைச்சல்?

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று ஒன்று உண்டு. மோர்மன் சபை என்றால் சிலருக்குத் தெரியும். தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நம் தமிழர்களே அதில் இருக்கிறார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்தச் சபை மக்கள் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். 1936ல் சபை ஒரு நலத்திட்டம் தொடங்கியது. உதவி பெறுகிறவரும் உழைக்கவேண்டும், உழைத்துத் தன் காலில் நிற்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த எண்ணம்தான் இன்று பல நாடுகளில் சுயசார்புக் குழுக்களாக நடக்கிறது. வேலை தேடுவோருக்கு ஒரு குழு, சிறுதொழில் தொடங்குவோருக்கு ஒரு குழு, வீட்டு வரவு செலவைச் சீர்செய்ய ஒரு குழு.

இதற்குத் துணைநிற்க வெளிநாடு போகிறவர்களில் பலர், பணி ஓய்வு பெற்ற தம்பதிகள். பேரப் பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு வீட்டில் இருக்கவேண்டிய வயது. சொந்தச் சேமிப்பை எடுத்துச் செலவு செய்துகொண்டு, ஆறு மாதம், ஒன்றரை வருடம் என்று முன்பின் தெரியாத ஊரில் தங்குகிறார்கள். சம்பளம் கிடையாது.

போய் என்ன செய்கிறார்கள்? வேலை வாங்கித் தருவதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு வாரம் ஒரு முறை கூடுகிறது. பன்னிரண்டு வாரம் வரை நடக்கிறது. நடத்துகிறவர் வாத்தியார் இல்லை, பாடம் எடுக்கமாட்டார். "இந்த வாரம் நான் இதைச் செய்வேன்" என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். செய்தோமா இல்லையா என்று அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். நடுவில் விசாரிக்க ஒரு கூட்டாளி உண்டு.

அவர்களுடைய வேலை தேடும் பயிற்சியில் ஒரு கணக்கு இருக்கிறது: 15, 10, 2. நாள்தோறும் வேலைக்கான 15 வழிகளைக் கண்டுபிடி, 10 பேரோடு பேசு, 2 பேரை நேரில் போய்ப் பார். இதை ஒழுங்காகச் செய்கிறவனுக்கு, கைப்பேசியில் இரண்டு விண்ணப்பத்தைத் தட்டிவிட்டு மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார நேரமே இருக்காது!

இன்னொரு பயிற்சி, முப்பது வினாடியில் உன்னைப் பற்றிச் சொல் என்பது. நமக்கு மைக் கிடைத்தால் மூன்று மணி நேரம் பேசுவோம். முப்பது வினாடி என்றால்தான் தடுமாற்றம். கிள்ளானிலிருந்து ஒரு தம்பி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். "எஸ்பிஎம் முடிச்சிருக்கேன் சார். என்ன வேலை கொடுத்தாலும் செய்வேன்." இதை அவன் பணிவாகச் சொல்கிறான். முதலாளி காதில் எப்படி விழுகிறது? இவனுக்குக் குறிப்பாக எதுவும் தெரியாது என்று விழுகிறது. அதே தம்பியை உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்டால் வேறு கதை வருகிறது. "மூணு வருஷம் ஏர்கோன் பொருத்துற வேலையில இருந்தேன். ஒரு நாளைக்கு நாலு வீடு முடிப்போம். கேஸ் நிரப்புறது, வயரிங் ரெண்டும் தனியாச் செய்வேன். லாரி ஓட்ட லைசென்ஸ் இருக்கு." இந்த மூன்று வருட அனுபவத்தை அவன் ஏன் முதலில் சொல்லவில்லை? அது ஒரு தகுதி என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் தேவை.

சரி, அந்தக் குழுவில் பிரார்த்தனை உண்டா? உண்டு. வேத வசனமும் உண்டு. மறைக்கவேண்டிய விஷயமில்லை. நாம் நடத்தினால் தேவாரம் பாடித் தொடங்குவோம், அவ்வளவுதான். சமயத் தொண்டர்களிடமிருந்து நம் மலேசியாவுக்கு வந்த நன்மை கொஞ்சமா? ஷா ஆலம் மோன்ட்ஃபோர்ட் சிறுவர் நகருக்குப் போய்ப் பாருங்கள். பிரான்ஸில் தோன்றிய புனித கேபிரியேல் சகோதரர்கள் தொடங்கியது. வசதியில்லாத வீட்டுப் பையன்கள், இனம் மதம் பார்க்காமல், வெல்டிங், மின்வேலை, மோட்டார் பழுதுபார்ப்பு என்று கைத்தொழில் கற்று வெளியே வருகிறார்கள். 1926ல் ஆங்கிலிக்கன் சபைத் தொண்டர்கள் மலாக்காவில் பார்வையற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம், பினாங்குக்கு மாறி இன்றும் நடக்கிறது. சமயம் சாராத தொண்டும் சேர்ந்துகொண்டது: 1951ல் அமைந்த பார்வையற்றோர் சங்கம், பிரிக்பீல்ட்ஸில் குர்னி மையத்தில் தொழிற்பயிற்சி தந்தது. இன்று பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் மஞ்சள் தடத்தைக் கோலால் தொட்டு நடந்துபோய், தன் மசாஜ் நிலையத்தின் கதவைத் தானே திறக்கிற மனிதரைப் பார்க்கிறோமே, அவர் யார் கையையும் எதிர்பார்க்கவில்லை.

பெரியோர்களே, நமக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நம் பாட்டன்களைக் கங்காணி கூட்டி வந்தான். எங்கே போகவேண்டும், எந்த லயத்தில் தங்கவேண்டும், எத்தனை மரம் சீவவேண்டும், எல்லாவற்றையும் இன்னொருவன் முடிவு செய்தான். பின்னால் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. அப்போது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அந்தக் குடும்பத்துப் பிள்ளையைப் பார்த்து "சோம்பேறி, சுயசார்பு இல்லை" என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பெயரைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்கும் முதலாளியைப் பன்னிரண்டு வாரப் பயிற்சி திருத்திவிடாது. அதற்குச் சட்டம் வேண்டும், சங்கம் வேண்டும், ஓட்டு வேண்டும். உரிமையைக் கேட்டு வாங்குவதும் சுயசார்புதான். வேலை இழந்தவர்களுக்கு 2018 முதல் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலைக் காப்புறுதி இருக்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் அதற்குப் பிடிக்கிறார்கள். வேலை போன பிறகு போய்க் கேட்டு வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கூடி நின்று நிமிர்வது நமக்குப் புதிதும் அல்ல. தோட்டங்கள் விற்பனையானபோது அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நூறு வெள்ளிப் பங்கு சேருங்கள் என்று கேட்டார். 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்மரம் சீவிய கைகள் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆயின. பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயர் தாங்கிய சாலையில் நடக்கிறோம். அவர் செய்த வேலையை எடுத்து நடத்துகிறோமா?

நாம் கொடுக்காதவர்கள் இல்லை. தைப்பூசத்தன்று இந்த மலையடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் எத்தனை, அன்னதானம் எத்தனை! முன்பின் தெரியாதவனுக்கும் இலை போட்டு, "இன்னும் கொஞ்சம் வாங்கிக்குங்க" என்று சொல்கிற சமுதாயம் இது. ஒரே நாளில் லட்சம் பேருக்குச் சோறு போட நம்மால் முடிகிறது. ஒரே பையனோடு பன்னிரண்டு வாரம் உட்கார ஆள் கிடைப்பதில்லை. சோறு போட்டால் புண்ணியம் உடனே கண்ணுக்குத் தெரிகிறது. கூட உட்கார்ந்தால் முதல் நான்கு வாரத்துக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தாம் வாரம் பையன் வராமல் இருப்பான். போன் போட்டுக் கூப்பிடவேண்டும். நேர்முகத் தேர்வில் தோற்று வருவான். சட்டையை இஸ்திரி போட்டு மறுபடி அனுப்பவேண்டும். போட்டோ எடுத்துப் போட அங்கே எதுவும் இருக்காது.

வெளிநாட்டிலிருந்து வரும் தொண்டருக்கு ஒரு குறை உண்டு. நம் ஊர் வழக்கம் தெரியாது, நம் மொழி தெரியாது, காலம் முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார். அதனால்தான் உள்ளூர்க்காரர் ஒருவர் குழுவை ஏற்று நடத்தவேண்டியிருக்கிறது. தொண்டர் போன பிறகும் குழு கூடினால், அவர் வந்தது வீண்போகவில்லை. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. மொழி நம்முடையது, ஊர் நம்முடையது. செந்தூலிலும் கிள்ளானிலும் கோயில் மண்டபங்கள் இருக்கின்றன. வார நாளில் அங்கே நாற்காலிகள் மடித்துக் கிடக்கின்றன. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி அதிகாரிகள், ஃபோர்மன்கள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை யூட்டாவுக்குப் போகச் சொல்லவில்லை. வாரம் இரண்டு மணி நேரம், பன்னிரண்டு வாரம், வேலை தேடும் பத்துப் பேர். கேட்பது இவ்வளவுதான்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கூட உட்கார ஒருவர் வந்தால், வேலை கிடைத்த மறுநாள் காணாமல் போய்விடாதீர்கள். அடுத்த குழுவை நடத்தும் கடமை உங்களுடையது.

வாசலில் மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் கூட உட்கார முன்வருகிறவர்கள் எழுதவேண்டும், மறுபக்கம் வேலை தேடுகிறவர்கள் எழுதவேண்டும். கைதட்டலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, போகும்போது பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பெயர் என்னுடையது.